உட்காரக் கூடாத சோபா

"வயித்தைக் கொஞ்சம் உள்ளே இழுங்க சார். இன்னும் கொஞ்சம். அவ்வளவுதான், வந்துட்டீங்க!"

வந்தவர் வரவில்லை. வீடு பார்க்க வந்த அந்தக் கனத்த மனிதர், ஒரு தையல் மெஷினுக்கும் ஒரு பழைய லிஃப்ட் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல் நின்றார். அவரைப் பின்னாலிருந்து தள்ளுவதா இழுப்பதா என்று தெரியாத புரோக்கர், செல்போனில் ஏதோ முக்கியமாகப் பார்ப்பதுபோல் பாவனை செய்தார்.

ஒருவழியாக மெஷினை நகர்த்தி அவரை மீட்டார்கள். அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு, சுற்றுமுற்றும் பார்த்தார்.

"வீடு பார்க்கத்தான் வந்தேன். இதுல வீடு எது?"

கேட்டுவிட்டு மாடியைக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். வாசல் வரை கூடவே ஓடிய புரோக்கர் தனியாகத் திரும்பி வந்தார்.

"சார், இதுவரைக்கும் வந்தவங்க 'யோசிச்சுச் சொல்றேன்'னாவது சொன்னாங்க. இவர் அதுகூடச் சொல்லலை."

"அவருக்கு வயிறு பெரிசு. அதுக்கு நான் என்ன பண்றது?" என்றார் லிஃப்ட்காரர்.

"வயிறு எல்லாருக்கும்தான் இருக்கு. வழி இருக்கா?" என்று சமையலறையிலிருந்து வீட்டம்மாவின் குரல் வந்தது.

லிஃப்ட்காரர் என்பது தெரு வைத்த பெயர். வேலையில் இருந்த காலம் பூராவும் ஊரிலுள்ள லிஃப்டுகளைக் கழற்றி மாட்டியவர். கழற்றியதில் மாட்டியது போக மிச்சமெல்லாம் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஹாலில் மடிப்புக் கதவுகள், கப்பிகள், சுருள் கம்பிகள், லிஃப்டுக்குள் ஆள் உட்காரும் முக்காலிகள். இவற்றுக்கு நடுவில் வீட்டம்மாவின் தையல் மெஷினும் துணுக்குத் துணி மூட்டைகளும். சுவரில் ஒரு பித்தளைப் பட்டன் பலகை. அதில் ஒன்றை அழுத்தினால் விளக்கு எரியும், இரண்டை அழுத்தினால் மின்விசிறி சுற்றும், மூன்றை அழுத்தினால் ரேடியோ பாடும். 'அவசரம்' என்று எழுதிய சிவப்புப் பட்டனை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும். டீ வேண்டும் என்று அதற்கு அர்த்தம். அந்த இணைப்பை மட்டும் வீட்டம்மா என்றைக்கோ பிடுங்கி எறிந்துவிட்டார்.

வாசல் மணியும் லிஃப்டிலிருந்து வந்ததுதான். அழுத்தினால் 'டிங்' என்று ஒரே ஒரு சத்தம். கதவைத் திறந்தால் நாலாவது மாடி வந்திருக்குமோ என்று முதல்முறை வருகிறவர்களுக்குத் தோன்றும்.

இத்தனை லிஃப்ட் இருந்த வீட்டில் ஏறுவதற்கு லிஃப்ட் இல்லை என்பதுதான் கூத்து. படுக்கையறையும் குளியலறையும் மாடியில். படியோ ஒருவர் ஏறினால் இன்னொருவர் காத்திருக்க வேண்டிய குறுகல் படி. வீட்டம்மாவின் முழங்கால் இரண்டும் வேலைநிறுத்தம் செய்து ரொம்ப நாளாகிறது. ஒவ்வொரு படியாக நின்று, சுவரைப் பிடித்து, 'அப்பாடா' போட்டு ஏறுவார். லிஃப்ட்காரர் அளந்து அளந்து பார்த்து, கடைசியில் ஒரு கப்பியும் கயிறும் மாட்டி, தண்ணீரும் மருந்தும் மேலே போகிற மாதிரி ஒரு கூடை மட்டும் கட்டித் தந்தார்.

"ஊருக்கெல்லாம் லிஃப்ட் போட்டீங்க. எனக்கு வாய்ச்சது ஒரு கூடை," என்பார் வீட்டம்மா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் லிஃப்ட்காரருக்கு அது சுருக்கென்று தைக்கும்.

அதனால்தான் விற்பனை. அவர் பல வருஷம் பராமரித்த ஒரு கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு சின்ன ஃபிளாட் காலியாக இருந்தது. லிஃப்டிலிருந்து இறங்கினால் எதிரே வாசல். அந்த லிஃப்டுக்கு எப்போது தும்மல் வரும் என்பதுகூட அவருக்குத் தெரியும். ஃபிளாட்டின் சொந்தக்காரர் பழைய சிநேகிதர்தான். ஆனாலும் அவரிடம் வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாசக் கடைசி வரைக்கும் உனக்காகப் பிடிச்சு வைக்கிறேன். அதுக்கு மேல என்னைக் குத்தம் சொல்லாதே," என்றுவிட்டார் அவர்.

புரோக்கர் தலையைச் சொறிந்தார். "சார், என் கொழுந்தியா ஒருத்தி இருக்கா. துணிக்கடைக் கண்ணாடி அலமாரி எல்லாம் ஜோடிக்கிறவ. இப்ப வீடும் ஜோடிக்கிறா. அவ கை வச்சா வந்த ஆள் வாசல்லயே அட்வான்ஸ் கொடுத்துடுவான். கூட்டிட்டு வரட்டுமா?"

மறுநாளே அவள் வந்தாள். வாசலில் 'டிங்' என்றதும் ஒரு அடி பின்னால் போனாள். உள்ளே வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சுற்றிப் பார்த்தாள்.

"அங்கிள், வீடு விக்கறதும் துணி விக்கறதும் ஒண்ணுதான். பொம்மைக்குப் போட்டுக் காட்டினாத்தான் வாங்குவாங்க."

"சரிம்மா. இங்கே பொம்மை யாரு?"

"வீடுதான் அங்கிள் பொம்மை. நீங்க ரெண்டு பேரும்..." என்று கொஞ்சம் தயங்கினாள். "நீங்க ரெண்டு பேரும் இல்லாம இருந்தா நல்லது."

வீட்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்ட்காரருக்கு வரவில்லை.

"எல்லாச் சாமானும் வெளியே போகணும். வர்றவங்க இங்கே அவங்க குடும்பத்தை நினைச்சுப் பார்க்கணும். உங்க குடும்பத்தைப் பார்க்கக் கூடாது," என்றாள் ஜோடிப்புக்காரி.

"வெளியேன்னா எங்கேம்மா? தெருவிலயா?"

அவள் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சொக்கிப் போனாள். "ஐயோ, இப்படி இருக்கணும் ஆன்ட்டி வீடுன்னா!"

பக்கத்து வீடும் இந்த வீடும் ஒரே கொத்தனார் ஒரே நாளில் கட்டியவை. நடுவில் ஒரே சுவர். அதே கேட், அதே படி, அதே ஜன்னல். ஆனால் அங்கே ஹாலில் இருந்தது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு. அவ்வளவுதான். அங்கே தனியாக இருந்தவர் ஓய்வுபெற்ற நூலகர். 'சத்தம் போடாதீர்கள்' என்று ஊருக்குச் சொல்லிச் சொல்லி, அதைத் தானே முழுசாகக் கடைப்பிடித்துவிட்டவர். எதைக் கேட்டாலும் 'ம்' என்பார். அந்த 'ம்'மில் என்ன இருக்கிறது என்று அர்த்தம் சொல்ல வீட்டம்மா ஒருவரால்தான் முடியும்.

மூன்று பேரும் அவரிடம் போனார்கள். லிஃப்ட்காரர்தான் பேசினார். "சார், கொஞ்ச நாளைக்கு எங்க சாமானை உங்க வீட்ல வச்சுக்கலாமா? கொஞ்சம்தான்."

"ம்."

"சரின்னு சொல்றார்," என்றார் வீட்டம்மா. "கொஞ்சம்னு நீங்க சொன்னதை மட்டும் நம்பலையாம்."

சாமான் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. தரையில் இடம் தீர்ந்ததும் சுவரில் மாட்டினார்கள். பட்டன் பலகையைச் சும்மா மாட்டி வைக்க லிஃப்ட்காரருக்கு மனசு வரவில்லை. நூலகர் வீட்டு விளக்கு, மின்விசிறி எல்லாவற்றுக்கும் இணைப்புக் கொடுத்தார். கை ஓடிய வேகத்தில், அவசர மணிக்கும் கொடுத்துவிட்டார்.

இங்கே வீடு வெள்ளையானது. சுவர் வெள்ளை, திரை வெள்ளை. வாடகைக்கு ஒரு வெள்ளைச் சோபா வந்தது. கண்ணாடி மேஜைமேல் ஒரு தட்டு, தட்டில் பச்சை நிற பிளாஸ்டிக் ஆப்பிள்கள். தட்டோடு ஒட்டிய தண்ணீர்க் குவளைகள். குளியலறையில் ரிப்பன் கட்டிய துண்டுகள். மாடியில் கட்டிலுக்குப் பதில் காலி அட்டைப் பெட்டிகளை அடுக்கி, மேலே பஞ்சு மாதிரி ஒரு விரிப்பு. பார்த்தால் ராஜா படுக்கை.

"அங்கிள், சோபாவில யாரும் உட்காரக் கூடாது. கறை பட்டா வாடகைக்காரன் என்னைக் கொன்னுடுவான். ஆன்ட்டி, வெங்காயம் வதக்கவே கூடாது. வாசனை திரையில ஒட்டிக்கும். கேக் வாசனை வரணும். பல்பில ரெண்டு சொட்டு வெனிலா விட்டாப் போதும்."

"அப்ப நாங்க எங்கே சமைக்கிறது, எங்கே தூங்கறது?"

ஜோடிப்புக்காரி மறுபடியும் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டைப் பார்த்தாள்.

கடைசியில் அந்த டிங்கையும் கழற்றச் சொன்னாள். "மணின்னா மணி மாதிரி இருக்கணும் அங்கிள்." அதன் இடத்தில் குருவி மாதிரிக் கீச்சிடும் மணி ஒன்று வந்தது.

அன்று சாயங்காலம் நூலகர் தாமாகவே வந்தார். அதுவே அதிசயம். குருவி மணியை அழுத்தினார். அது கீச்சிட்டது. அவர் மணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிங்?" என்று கேட்டார்.

"கழட்டச் சொல்லிட்டாங்க சார். வர்றவங்களுக்கு வித்தியாசமா இருக்குமாம்," என்றார் லிஃப்ட்காரர்.

"ம்," என்றுவிட்டுத் திரும்பிப் போனார்.

"இது என்ன 'ம்'னு எனக்கே புரியலையே," என்றார் வீட்டம்மா.

முதலில் வந்தவர் ஒரு பெரியவர். நடை விசாலமாகத் தெரியட்டும் என்று ஜோடிப்புக்காரி அங்கே ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தாள். எதிரில் யாரோ வருகிறார் என்று பெரியவர் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். எதிரில் இருந்தவரும் ஒதுங்கினார். "நீங்க போங்க" என்று இவர் கை காட்ட, அவரும் காட்டினார். ரொம்ப நேரம் இந்த மரியாதை நடந்தது. கடைசியில் பெரியவர் புரோக்கரிடம், "எனக்கு முன்னாடியே ஒருத்தர் வந்து பார்த்துக்கிட்டு இருக்காரே. அவர் முடிக்கட்டும், எனக்கு எதுக்குப் போட்டி," என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

கண்ணாடி போயிற்று. அடுத்து வந்த அம்மாள் கீழே எல்லாவற்றையும் ரசித்தார். மாடிக்குப் போனார். ராஜா படுக்கையைப் பார்த்ததும், "அப்பா, படி ஏறினது மூச்சு வாங்குது," என்று உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் உள்ளே போய்விட்டார். மேலே தெரிந்தது தலையும் கைப்பையும்தான். அட்டைப் பெட்டியைக் கிழித்துத்தான் அவரை வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

"அட்டைப் பெட்டின்னா இப்படித்தான். நான் பார்த்துக்கறேன் விடும்மா," என்று லிஃப்ட்காரர் களத்தில் இறங்கினார். அவர் களத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்று தெரிந்த வீட்டம்மா, "வேணாங்க," என்றார். யார் கேட்டது?

லிஃப்ட் தவறி விழுந்தால் தாங்குவதற்கென்று குழிக்குள் பெரிய சுருள் கம்பிகள் வைப்பார்கள். அதில் நாலு அவரிடம் இருந்தது. அவற்றைப் படுக்கைக்கு அடியில் நாலு மூலையிலும் நிறுத்தினார். கையால் அழுத்திப் பார்த்துத் திருப்திப்பட்டார்.

அடுத்து வந்தவர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். எதையும் சோதித்துப் பார்த்துத்தான் வாங்குவாராம். படுக்கையில் தொப்பென்று உட்கார்ந்தார். அடுத்த நிமிஷம் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். எப்படிப் போனார் என்று அவருக்கும் தெரியவில்லை.

"இந்த வயசுல எனக்கு இது தேவையா?" என்று கேட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்.

அதே நேரம் கீழே புகை. இரண்டு சொட்டு வெனிலா போதும் என்று ஜோடிப்புக்காரி சொன்னதை லிஃப்ட்காரர் நம்பவில்லை. மெஷினுக்கு எண்ணெய் விட்டுப் பழகின கை, பாட்டிலைக் கவிழ்த்துவிட்டது. பல்பு வெடித்து, ஃபியூஸ் போய், கேக் கருகிய வாசனை தெரு முனை வரைக்கும் அடித்தது.

மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அன்று நூலகர் வீட்டு மாடிப்படியில் வீட்டம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டார். அங்கேயும் அதே படிதானே, அதே குறுகல். கையில் தண்ணீர்ச் செம்பு. அங்கே கூடை இல்லை.

லிஃப்ட்காரர் கீழ்ப்படியில் வந்து நின்றார். "என்ன, ரொம்ப வலிக்குதா?"

"இல்லைங்க. சும்மா உட்கார்ந்தேன்."

"சும்மா யாராவது பாதிப் படியில உட்காருவாங்களா?"

வீட்டம்மா செம்பைப் படியில் வைத்தார். பிறகு, "ஃபிளாட் போனாப் போகட்டும்ங்க. இத்தனை வருஷம் ஏறலையா? இன்னும் கொஞ்ச வருஷம் ஏறிட்டுப் போறேன்," என்றார்.

லிஃப்ட்காரர் ஒரு படி ஏறி வந்தார். "ஊர்ல எவன் எவனையோ மேலே தூக்கிவிட்டேன். உன்னை ஒரு மாடி தூக்கிவிட முடியலை பாரு என்னால," என்றார். அவர் கண் கலங்கி வீட்டம்மா அதிகம் பார்த்ததில்லை.

"அழாதீங்க. வாங்க, வந்து என்னைக் கொஞ்சம் பிடிங்க. லிஃப்ட் இல்லைன்னா என்ன, லிஃப்ட்காரர் இருக்கீங்கல்ல?"

ஹாலில் முக்காலிகளுக்கும் துணி மூட்டைகளுக்கும் நடுவில் நூலகர் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் மேலே போய்ச் சேரும் வரை அவர் பக்கத்தைத் திருப்பவில்லை. பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பல் டாக்டர், மனைவியோடும் சின்னப் பெண்ணோடும் வந்தார். இதுதான் கடைசி நம்பிக்கை என்று புரோக்கர் சொல்லிவிட்டார். படுக்கையைச் சுற்றி ஜோடிப்புக்காரி பட்டு நாடா கட்டி வைத்திருந்தாள்.

"சோபாவில உட்காராதே கண்ணு," என்றாள் அவள் குழந்தையிடம்.

குழந்தை எழுந்துகொண்டது. ஆப்பிளைத் தொட்டது.

"அது சாப்பிடற ஆப்பிள் இல்லை கண்ணு."

குழந்தை குவளையை எடுத்தது. தட்டும் கூடவே வந்தது.

"அது குடிக்கிறதுக்கு இல்லை கண்ணு."

குழந்தை அம்மாவின் காதில் ஏதோ சொன்னது. "இங்கே யாராவது இருக்காங்களான்னு கேக்கறா," என்றார் டாக்டரின் மனைவி சங்கடத்தோடு. "அவளுக்குத் தண்ணி வேணுமாம்."

"பக்கத்து வீட்லதான் ஆன்ட்டி இருக்காங்க. அங்கே கொடுப்பாங்க," என்று ஜோடிப்புக்காரி அனுப்பி வைத்தாள்.

குழந்தை போனது, திரும்பவில்லை. கூப்பிட்டு வருகிறேன் என்று தாய் போனார். அவரும் திரும்பவில்லை. டாக்டர் கொஞ்ச நேரம் பச்சை ஆப்பிள்களைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "ஒரு நிமிஷம், பார்த்துட்டு வந்துடறேன்," என்று போனார். பக்கத்து வீட்டிலிருந்து மணிச் சத்தம் மறுபடி மறுபடி கேட்டது. கூடவே சிரிப்பு. என்ன ஆயிற்று என்று பார்க்கப் போனாள் ஜோடிப்புக்காரி. அவளைக் கூப்பிடப் போனார் புரோக்கர்.

வெள்ளை வீட்டில் லிஃப்ட்காரர் தன்னந்தனியாக நின்றார். உட்காரவும் வழியில்லை. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் போனார்.

நூலகர் வீட்டில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. குழந்தை அவசரப் பட்டனை அழுத்த, சமையலறையில் மணி அடிக்க, "வந்துட்டேன், வந்துட்டேன்!" என்று வீட்டம்மா பிஸ்கட்டோடு வந்தார். தன் டீக்குப் பல வருஷமாக வராதவர், பிஸ்கட்டோடு வந்ததை லிஃப்ட்காரர் குறித்துக்கொண்டார். டாக்டரின் மனைவி துணுக்குத் துணியில் தைத்த போர்வையை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தார். டாக்டர் லிஃப்ட் முக்காலியில் உட்கார்ந்து, தட்டை வழித்துக்கொண்டிருந்தார். புரோக்கரும் ஜோடிப்புக்காரியும் ஆளுக்கொரு துணி மூட்டைமேல். எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டு நூலகர் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

"இங்கே வந்ததும் எழுந்திருக்கவே மனசு வரலை," என்றார் டாக்டரின் மனைவி. "இதுதான் வீடு மாதிரி இருக்கு."

கிளம்பும்போது டாக்டர் எல்லாருக்கும் கை கொடுத்தார். நூலகரின் கையை மட்டும் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். நூலகர் "ம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் புரோக்கரின் போன் வந்தது. "சார், முடிஞ்சுது! பல் டாக்டர் வீடு வாங்கறார். நாளைக்குக் காலையில அட்வான்ஸ். ஆனா சார், அதுல ஒரு சின்ன விஷயம்..."

சின்ன விஷயத்தைக் கேட்க லிஃப்ட்காரர் போனில் இல்லை. வீட்டம்மாவிடம் சொல்ல ஓடிவிட்டார். பிறகு ஃபிளாட்டுக்காரரைக் கூப்பிட்டு, "கதவைத் திறந்து வைடா, வர்றோம்!" என்று கத்தினார். வீட்டம்மா முழங்காலைத் தடவிக்கொண்டே சிரித்தார்.

காலையில் இருவரும் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு கேட்டில் நின்றார்கள். கார் வந்தது. டாக்டரும் மனைவியும் இறங்கி, "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, குழந்தை கையை ஆட்ட, மூன்று பேரும் அவர்களைக் கடந்து அடுத்த கேட்டுக்குள் போனார்கள்.

"சார், கேட் மாறிப் போறீங்க!" என்று லிஃப்ட்காரர் கூப்பிட்டார்.

பின்னால் வந்த புரோக்கர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மாறலை சார். அதான் நேத்து சொல்ல வந்தேன். அவங்களுக்கு அந்த வீடுதான் பிடிச்சிருக்கு. லைப்ரரி சாரைக் கேட்டாங்க. அவரும் 'ம்'னுட்டார்."

லிஃப்ட்காரர் விறுவிறுவென்று உள்ளே வந்தார். வெள்ளை ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"பார்த்தியா? எங்கே வச்சிருந்தாரோ இந்தச் சாமர்த்தியத்தை! நம்ம முக்காலியைக் காட்டி, நம்ம போர்வையைக் காட்டி, நீ வதக்கின வெங்காயத்தைக் காட்டி, அவர் வீட்டை வித்துட்டார்!"

"காட்டினது அவர் இல்லைங்க. கொண்டுபோய் வச்சது நாமதான்," என்றார் வீட்டம்மா. முதலில் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். சிரிப்பு பாதியில் நின்று, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றார். அதைப் பார்த்ததும் லிஃப்ட்காரரின் கோபம் இரட்டிப்பானது.

"வரட்டும் இங்கே. நாக்கைப் பிடுங்கற மாதிரி நாலு கேள்வி கேக்கறேன்."

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் குருவி மணி கீச்சிட்டது. நூலகர் வந்தார். வாடகைச் சாமானை எடுத்துப்போக வந்து, ஆப்பிள்களைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோடிப்புக்காரி நிமிர்ந்து பார்ப்பதற்குள், அவர் நேராகப் போய் வெள்ளைச் சோபாவில் உட்கார்ந்துவிட்டார். நன்றாகச் சாய்ந்தும் கொண்டார்.

"சார்! அதுல உட்காரக்..." என்று அவள் ஆரம்பித்து, யார் முகமும் சரியில்லாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

லிஃப்ட்காரர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார். "ஏன் சார், இத்தனை வருஷம் ஒரே சுவத்துக்கு ரெண்டு பக்கமும் இருந்தோம். இவ முட்டி உங்களுக்குத் தெரியாதா? மாசக் கடைசி உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை, 'பக்கத்து வீட்டைப் பாருங்க'ன்னு அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நூலகர் சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து ஆப்பிள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன இது? எங்க சாமானுக்கு வாடகையா?"

"அட்வான்ஸ்," என்றார் நூலகர்.

"டாக்டர் உங்களுக்குக் கொடுத்தது. அதை எதுக்கு சார் இங்கே கொண்டுவந்து காட்டறீங்க?"

நூலகர் வெள்ளைச் சுவர், வெறும் தரை, ஒன்றுமே இல்லாத மூலைகள் என்று எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பினார்.

"டிங் எங்கே?"

"வீடு விக்கலையேன்னு நிக்கறேன், டிங் எங்கேன்னு கேக்கறீங்களே சார்! அதுக்கு என்ன இப்ப?"

நூலகர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்தத் தெருவில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

"எனக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான், இந்தப் பக்கம் இருந்தாலும் ஒண்ணுதான். ஆனா நான் குடிவரப்போற வீட்ல அந்த டிங் இருக்கணும்."